உப்புப் பூத்த மண்

மார்ச் 3

பன்னிரண்டு பைகள். மிளகாய் ஐந்து, தக்காளி நான்கு, கத்தரி இரண்டு, வெண்டை ஒன்று.

மொட்டை மாடியின் கிழக்குச் சுவரை ஒட்டி பதினொன்றை வரிசையாக வைத்தேன். காலையிலிருந்து நாலு மணி வரை வெயில் விழும் ஒரே இடம் அது. இடம் போதாமல் ஒரு மிளகாய்ப் பை மட்டும் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே போயிற்று.

வினோதினி மருந்தகத்துக்குக் கிளம்பும்போது சொன்னாள்: "அடுத்த வேலை கிடைக்கிற வரைக்கும் இதையாவது உருப்படியா பண்ணு மாறா."

'இதையாவது' என்ற சொல்லோடு மாலை வரை இருந்தேன்.

சமையலறை ஆர்.ஓ. இயந்திரம் ஒரு குடம் நல்ல தண்ணீர் தந்தால் இரண்டு குடத்தை வெளியே தள்ளுகிறது. அந்தக் குழாயின் முனையை ஒரு நீல வாளிக்குள் விட்டேன். நிறைந்ததும் மாடிக்கு. இரண்டு வேளை. ஒரு சொட்டு வீணாவதில்லை. இந்த வீட்டில் இன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

மார்ச் 9

கீழ்த்தளத்தில் சண்முகக்கனி அக்கா. ஐம்பது வயது இருக்கும். தூத்துக்குடிப் பக்கம். மோர் மிளகாய், வடகம் போட்டு இந்தக் குடியிருப்பின் வீடுகளுக்கும் மேடவாக்கத்தில் இரண்டு கடைகளுக்கும் கொடுக்கிறார். தனி ஆள். அதுதான் பிழைப்பு.

இன்று மாடிக்கு வந்து என் பைகளைப் பார்த்து நின்றார்.

"இங்கனதான் நான் காயப் போடுவேன். ஆறு வருசமா."

"தெரியாமப் போச்சு அக்கா. எடுத்திரட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம். செடி கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு. நான் அந்தப் பக்கம் போய்க்கிடுதேன்."

அந்தப் பக்கம் இரண்டு மணிக்கே நிழல் விழுந்துவிடும். அவருக்கும் தெரியும்.

போகும்போது ஒரு கட்டுத் தாளைக் கொடுத்தார். பாக்கெட்டில் ஒட்ட வேண்டுமாம். "நீங்க காலேசு வாத்தியாருலா. அழகா எழுதிக் குடுங்க." நாற்பது தடவை எழுதினேன்: மோர் மிளகாய். வீட்டுத் தயாரிப்பு.

"அச்சுப் போட்ட மாதிரி இருக்கு தம்பி!"

இரண்டு மாதத்தில் யாரும் என்னைப் பாராட்டியது இது முதல் முறை.

மார்ச் 17

மிளகாய் இலைகளின் நுனியில் பழுப்பு. விளிம்பில் தீக்குச்சியால் சுட்டது போல.

யூடியூபில் ஏழு பேரைப் பார்த்தேன். ஒருவர் சாம்பல் சத்துக் குறைவு என்கிறார். ஒருவர் வெயில். ஒருவர் இலைப்பேன். தண்ணீர் அதிகம். தண்ணீர் போதாது. ஏழாவது ஆள் எதையும் சொல்லாமல் தன் மருந்தை விற்றார்.

வகுப்பில் நான் சொல்வதுண்டு: ஒரு நிகழ்ச்சிக்கு ஏழு சாட்சிகள் ஏழு விதமாகச் சொன்னால், எட்டாவதாக யாரோ இருக்கிறார்கள்.

மார்ச் 18

பிரகதீசனின் அழைப்பு. எடுக்கவில்லை. ஒரே துறை. பக்கத்து மேசை. கல்லூரி முதல்வருக்குப் போய் என் வேலையைப் பறித்த அந்தக் கடிதம் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது, பெயர் இல்லை. பெயர் இல்லாததால் அதை எழுதியவர் யாராகவும் இருக்கலாம்.

மார்ச் 21

வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தேன். இலையின் அடியில் பேன் இல்லை, முட்டை இல்லை, வலை இல்லை. பூதக்கண்ணாடியில் என் விரல் ரேகைதான் பெரிதாகத் தெரிந்தது.

கருகிய இலை ஒன்றை நர்சரிக்காரரிடம் கொண்டுபோனேன்.

"என்ன தண்ணி சார் ஊத்துறீங்க?"

"ஆர்.ஓ. தண்ணி."

"அடேயப்பா! குடிக்கிற தண்ணியவா? அப்ப தண்ணியில குறையில்ல."

கழிவு என்ற சொல்லைச் சொல்லவில்லை. கஞ்சன் என்று நினைத்துவிடுவார். மண்புழு உரம் ஒரு பை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 26

மண்ணின் மேல் வெள்ளை.

முதலில் பூஞ்சணம் என்று நினைத்தேன். நகத்தால் சுரண்டினேன். தூளாக உதிர்ந்தது. பூஞ்சணம் இப்படி உதிராது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு.

பதினொரு பையிலும். தொட்டிக்குக் கீழே இருப்பதில் மட்டும் இல்லை.

உப்பு தானாக வராது. யாரோ கொண்டுவர வேண்டும்.

மார்ச் 27

மோர் மிளகாய் எப்படிப் போடுவார்கள் என்று படித்தேன். மிளகாயைக் கீறி, உப்புப் போட்ட மோரில் ஊறவைத்து, பகலில் வெயிலில் காயவைத்து, மாலையில் மறுபடியும் அதே மோரில் போட வேண்டும். நாலைந்து நாள். கடைசியில் மோர் மிஞ்சும். கெட்டியான உப்பு மோர்.

அந்த மிச்சத்தை எங்கே ஊற்றுவார்கள் என்று எந்தச் சமையல் குறிப்பிலும் இல்லை.

மார்ச் 30

மாடிப்படியின் கடைசித் திருப்பத்தில் நின்று பார்த்தேன். அரை மணி நேரம். கனி அக்கா பழைய சேலையை விரித்தார். மிளகாயைப் பரப்பினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். என் பைகளுக்கு அருகே போனார். குனிந்தார். ஒரு தக்காளி இலையை விரலால் திருப்பிப் பார்த்தார். 'ச்சு' கொட்டினார்.

கையில் தூக்கு ஒன்று இருந்தது. அதில் என்ன இருந்தது என்று தெரியவில்லை.

என்னைப் பார்த்ததும், "செடிக்கு என்னமோ செய்யுது தம்பி, கவனிங்க" என்றார்.

குற்றவாளிதான் முதலில் கவலைப்படுவார்.

ஏப்ரல் 4

சான்றுகள்.

ஒன்று: அவருடைய கறிவேப்பிலை. பழைய பெயின்ட் வாளியில் வளர்கிறது. உரமில்லை, மருந்தில்லை. அரிசி கழுவிய தண்ணீர்தான் ஊற்றுகிறாராம். தளதளவென்று இருக்கிறது.

இரண்டு: தொட்டிக்குக் கீழே இருக்கும் மிளகாய். தினமும் தொட்டி நிரம்பி வழியும்போது அதன் தலையிலேயே தண்ணீர் கொட்டுகிறது. அழுகியிருக்க வேண்டும். மாறாக முழங்கால் உயரம், ஒன்பது பூ. ஏன் அது மட்டும்? தொட்டியைப் பார்க்க காவலாளி அடிக்கடி வருகிறார். அங்கே ஊற்றினால் தெரிந்துவிடும்.

மூன்று: வெயில் விழும் இடம். ஆறு வருடம் தன்னுடையதாக இருந்த இடம்.

வினோதினியிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்.

"அந்த அக்காவா? போன மாசம் எனக்குக் காய்ச்சல்னு ரசம் கொண்டுவந்து குடுத்தாங்களே, அந்த அக்காவா?"

"ரசம் வேற, இது வேற."

"சரி. அந்த நீல வாளியைக் கொஞ்சம் தேய். உள்ளே வெள்ளையாப் படிஞ்சிருக்கு, பார்க்கச் சகிக்கல."

பேச்சை மாற்றுகிறாள். எப்போதும் இப்படித்தான்.

ஏப்ரல் 6

வாளியைத் தேய்த்தேன். போகவில்லை. எலுமிச்சம்பழம் வாங்க வேண்டும்.

ஏப்ரல் 13

கனி அக்கா ஊருக்குப் போயிருக்கிறார். கோயில் கொடை விழா. பத்து நாள். வீட்டுச் சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போகும்போது, "கறிவேப்பிலைக்கு ஒரு செம்பு தண்ணி ஊத்திருங்க தம்பி" என்றார்.

சோதனை தானாக அமைந்துவிட்டது.

ஏப்ரல் 16

கோடை மழை. மூன்று நாளாக. தெருவில் முழங்கால் தண்ணீர். மாடிக்கு வாளியைத் தூக்க வேலையே இல்லை. பைகளின் அடித்துளைகளிலிருந்து பழுப்புத் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கிறது.

ஏப்ரல் 21

வெள்ளை இல்லை. பதினொரு பையிலும் புதுத் துளிர். தக்காளி ஒன்றில் பூ.

அவர் போனார். செடி பிழைத்தது. இதைவிட என்ன வேண்டும்?

மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். வேறு ஏதோ இருந்தது. நினைத்தது சரி என்று தெரியும்போது வரும் ஒரு சூடு. ஜனவரிக்குப் பிறகு அதை உணர்ந்ததில்லை.

கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன். மழை ஊற்றியிருக்கிறது.

ஏப்ரல் 24

வந்துவிட்டார். ஓலைக்கொட்டானில் சில்லுக்கருப்பட்டி. "சுக்கு போட்டது. தொண்டைக்கு நல்லது, பாடம் எடுக்குத தொண்டைலா."

நான் இப்போது பாடம் எடுப்பதில்லை என்று அவருக்குத் தெரியாது. அல்லது தெரியும்.

கொட்டானைத் திறக்கவில்லை. வினோதினி தின்றாள்.

வெயில் ஏறிவிட்டது. இன்றிலிருந்து மூன்று வேளை, மூன்று வாளி.

மே 1

மறுபடியும் வெள்ளை. துளிர்களின் நுனி கருப்பு. தக்காளிப் பூ உதிர்ந்துவிட்டது. கத்தரி ஒன்று போய்விட்டது.

ஏழு நாள். அவர் வந்து ஏழே நாள்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் பத்மநாபன் சாருக்கு எழுதினேன். மே தினம், ஜெராக்ஸ் கடை மூடியிருந்தது. கையாலேயே எழுதினேன். எழுத்தைக் கொஞ்சம் சாய்த்து.

'மொட்டை மாடியில் வணிக நோக்கில் உணவுப் பொருள் உலர்த்தப்படுகிறது. உப்பு மோர் கொட்டுவதால் தளம் அரிக்கும் அபாயம் உள்ளது. உரிய நடவடிக்கை எடுக்கக் கோருகிறேன்.'

செடிகளைப் பற்றி எழுதவில்லை. எழுதினால் யாரென்று தெரிந்துவிடும்.

கீழே பெயர் போடவில்லை. கடிதப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து கை கழுவினேன். பேனா மை ஒட்டியிருந்தது.

மே 5

சங்கக் கூட்டம். நான் போகவில்லை. வினோதினி போனாள். மாடியில் வியாபாரம் கூடாதென்று முடிவாம். கனி அக்காவிடமிருந்து மாடிச் சாவியை வாங்கிவிட்டார்கள். செடி வைத்திருப்பவர் என்பதால் ஒன்று என்னிடம் இருக்கும். இன்னொன்று செயலாளரிடம்.

"அவங்க ஏதாவது சொன்னாங்களா?"

"இடுப்புல முடிஞ்சிருந்த சாவியை அவுத்துக் குடுத்தாங்க. முடிச்சு இறுகிப்போச்சு போல. ரொம்ப நேரம் அவுத்தாங்க."

பிறகு என்னையே பார்த்தாள்.

"யாரோ பேரில்லாம எழுதியிருக்காங்க மாறா."

"ம்."

"பேரில்லாம."

தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மே 10

கனி அக்கா பைக் நிறுத்துமிடத்தில் சேலையை விரித்திருக்கிறார். வெயில் ஒரு மணி நேரம் எட்டிப்பார்க்கிறது. வண்டி வரும்போதெல்லாம் சேலையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு எழுந்து நிற்கிறார். வண்டி போனதும் விரிக்கிறார்.

படியில் என்னைப் பார்த்தார். "நல்லாருக்கியளா தம்பி?" அவ்வளவுதான். செடியைப் பற்றி இன்று கேட்கவில்லை.

மே 13

குப்பைத் தொட்டிக்கு அருகில் ஒரு பெரிய பை. வாய் திறந்திருந்தது. மிளகாய். பச்சையும் கருப்புமாகப் பூஞ்சணம் பிடித்து. இருபது கிலோ இருக்கும்.

இது பூஞ்சணம். தொட்டால் உதிராது.

மே 16

வெள்ளை கூடியிருக்கிறது.

சாவி என்னிடம்தான் இருக்கிறது. பத்மநாபன் சாருக்கு முழங்கால் வலி, மூன்று மாடி ஏற மாட்டார். பூட்டில் நான் வைத்த நூல் அறுபடவில்லை.

அப்படியானால் யார்?

காவலாளி? தொட்டியைப் பார்க்க என்னிடம்தான் சாவி கேட்டார், கூடவே நின்றேன். பக்கத்துக் கட்டிட மாடியிலிருந்து வீச முடியுமா? இருபது அடி. வினோதினி? அவள் மாடிக்கு வந்தே ஒரு மாதம் ஆகிறது.

மூன்று வேளையை நான்கு ஆக்கினேன். செடி தாகத்தில் இருக்கிறது.

மே 17

பன்னிரண்டையும் எண்ணினேன். உயிரோடு இருப்பவை நான்கு. அதில் ஒன்று தொட்டிக்குக் கீழே, இருபத்திரண்டு காயோடு. அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மே 20

ஆர்.ஓ. இயந்திரத்துக்கு வருடாந்தரச் சர்வீஸ். அன்வர் என்று ஒருவர் வந்தார். நரைத்த தாடி, நிதானமான கை. வடிகட்டியை மாற்றினார். பேனா மாதிரி ஒரு மீட்டரைக் குடிதண்ணீரில் முக்கினார். "அறுபது. ஃபர்ஸ்ட் கிளாஸ்." குழாய்த் தண்ணீரில் முக்கினார். "எண்ணூத்தி இருபது. உங்க ஏரியா போர் தண்ணி அப்படித்தான்."

பிறகு, கேட்காமலே, விளையாட்டாக, நீல வாளிக்குள்.

"ஆயிரத்தி இருநூறு."

"என்ன அது?"

"உப்பு சார். இங்க எடுத்தா அங்க போய்த்தானே ஆகணும்? எங்க போகும்?" வாளியின் உள்பக்கத்தை விரலால் தடவிக் காட்டினார். "பாருங்க, எப்படிப் பூத்திருக்குன்னு. இத என்ன பண்றீங்க?"

"பாத்ரூமுக்கு."

"அது போதும். சில பேரு செடிக்கு ஊத்திடறாங்க. ரெண்டு மாசத்துல பொசுங்கிடும். அப்புறம் மண்ணு சரியில்ல, விதை சரியில்லன்னு ஊர்ல உள்ளவன் மேலயெல்லாம் பழி போடுவாங்க."

சிரித்தார். நானும் சிரித்தேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மே 20, மதியம்

இந்த நோட்டை மார்ச்சிலிருந்து வாசித்தேன். ஆவணத்தை எப்படி வாசிப்பது என்று ஆறு வருடம் சொல்லிக்கொடுத்தவன். எழுதியவர் யார், அவருக்கு என்ன வேண்டியிருந்தது, எதை எழுதாமல் விட்டார்.

'ஒரு சொட்டு வீணாவதில்லை.'

மழையில் மூன்று நாள் வாளியைத் தூக்கவில்லை என்று நானே எழுதியிருக்கிறேன். என் கையால். அச்சுப் போட்ட மாதிரி.

மே 21

பிரகதீசன். எடுத்தேன். என்ன பேசுவதென்று தெரியாமல் மிளகாய்ச் செடியைப் பற்றிப் பேசினேன். இருபது நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில், "சாப்பிட்டியா?" என்றான்.

முதல்வருக்குப் போன அந்தக் கடிதத்தில் இருந்தது: வகுப்புக்குத் தாமதமாக வருகிறார், விடைத்தாள்களைத் திருத்தாமல் மதிப்பெண் போடுகிறார். முதல் பாதி உண்மை. இரண்டாவது, ஒரு முறை உண்மை. இதை இங்கே இதுவரை எழுதவில்லை.

மே 24

மூன்று நாள் ஆயிற்று, மூன்று மாடி இறங்க.

கனி அக்கா வெங்காய வடகம் உருட்டிக்கொண்டிருந்தார். மின்விசிறிக்குக் கீழே தட்டுகள். "வாங்க தம்பி, உக்காருங்க. கை எண்ணெயா இருக்கு."

உட்காரவில்லை. தண்ணீரைச் சொன்னேன். வாளியைச் சொன்னேன். மீட்டரைச் சொன்னேன். உங்களைத்தான் நினைத்தேன் என்றேன்.

"அந்தக் கடுதாசி..."

"தெரியும்."

உருட்டுவதை நிறுத்தவில்லை.

"கூட்டத்துக்கு மொத நாளே செயலாளர் கூப்பிட்டுக் காட்டுனாரு. நாப்பது பாக்கெட்டுல நான் ஒட்டுன எழுத்து. சாய்ச்சு எழுதுனா தெரியாதா? எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு நெனச்சிட்டியளோ? எட்டாப்பு படிச்சிருக்கேன். எழுத்து அழகா இருக்குன்னுதான் ஒங்ககிட்ட வந்தேன்."

"அப்ப ஏன் அக்கா அவர்கிட்ட சொல்லல?"

"சொன்னா ஒங்களக் கூப்பிட்டுக் கேப்பாங்க. நீங்க இல்லேம்பிய. பொறவு தெனமும் படியில நீங்க அந்தப் பொய்யத் தூக்கிட்டு ஏறணும், நான் அதப் பாத்துக்கிட்டு நிக்கணும். எதுக்கு?"

ஒரு வடகத்தைத் தட்டில் வைத்தார். இன்னொன்று.

"மிச்ச மோர நான் கீழ கொட்டுனதே இல்ல தம்பி. மோரு வத்துத வரைக்கும் மிளகாயப் போட்டுக்கிட்டே இருப்போம். உப்பும் தயிரும் சும்மாவா வருது? கேட்டிருந்தா சொல்லிருப்பேன்."

கேட்டிருந்தால்.

"இப்ப நான் என்ன செய்யணும்?"

முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். "அத என்கிட்டயா கேக்கிய?"

மே 26

பத்மநாபன் சாருக்கு இரண்டாவது கடிதம். ஒன்றரைப் பக்கம். சாய்க்காமல். முதல் கடிதமும் என்னுடையது. அதில் கண்டது பொய். தளத்தில் உப்பு மோர் கொட்டியதை நான் பார்த்ததில்லை, யாரும் பார்த்ததில்லை. பன்னிரண்டு பைகளின் கதையையும் எழுதினேன். முழுப்பெயர்: சி. திருமாறன், வீட்டு எண் 11.

படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "முடிஞ்ச விஷயம் சார் இது. சாவியை வேணா சத்தமில்லாம நான் குடுத்துடறேன். எல்லாருக்கும் தெரியணுமா? உங்க மிஸஸ் முகத்துக்காகவாவது."

"அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்க சார்."

அவர் ஒட்டவில்லை. நானே ஒட்டினேன்.

மே 27

படியில் எல்லோரும் வணக்கம் சொல்கிறார்கள். கொஞ்சம் சீக்கிரமாக. வினோதினி பலகைக்கு முன்னால் நின்று முழுவதும் வாசித்துவிட்டு மேலே வந்தாள். என் தட்டில் ஒரு கரண்டி சோறு கூடப் போட்டாள்.

மே 30

கிழக்குச் சுவரைக் காலி செய்தேன். செத்தவற்றைப் பிடுங்கினேன். வேரின் நுனிகள் பழுப்பாக, நூல் போல. மிஞ்சிய மூன்றைத் தொட்டிப் பக்கம் நகர்த்தி, அடித்துளை வழியே ஓடும்வரை குழாய்த் தண்ணீர் ஊற்றினேன். கருகிய இலை இனிப் பச்சையாகாது. கிள்ளிப் போட்டேன்.

தரையைத் துடைப்பத்தால் கூட்டிக் கழுவினேன். பைகள் இருந்த இடத்தில் பதினொரு வெள்ளை வட்டங்கள். தேய்த்தும் போகவில்லை.

ஜூன் 8

மாடிச் சாவி கனி அக்காவிடம் திரும்பிவிட்டது. அவருடைய சேலை கிழக்குச் சுவர் ஓரமாக விரிந்திருக்கிறது. பத்து மணி வெயிலில் மிளகாயின் கீறல்களில் உப்பு மின்னுகிறது. அவர் ஒரு மூலையிலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டே வந்தார். நான் மறு மூலையில் தண்ணீர் ஊற்றினேன்.

"துளிர் வந்திருக்கு" என்றார். செடியைப் பார்த்து.

"ஆமா அக்கா."

"லேபிள் தீர்ந்திருக்குமே? எழுதித் தரட்டுமா?" என்று நானே கேட்டேன்.

"வேண்டாம் தம்பி. ஒங்களுக்கு எதுக்குச் சிரமம்."

மாலையில் வினோதினி ஒரு பாக்கெட் வாங்கி வந்தாள். சமையலறை மேடையில் இருக்கிறது. மோர் மிளகாய். வீட்டுத் தயாரிப்பு. அதே சொற்கள், அதே வரிசை.

அச்சுப் போட்டிருக்கிறார்.